ஜமாலின் பெயரில் ஒரு வெள்ளிக்கிழமை

எங்கள் பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. எலக்ட்ரீஷியன் ஜமாலுதீன் கிருஷ்ணகிரியில் காலமானார், மதியம் அடக்கம். இந்தக் குழுவில் யாருடைய மாமியார் போனாலும் ஐந்து நிமிடத்தில் நாற்பது கும்பிட்ட கைகள் வந்து விழும். ஜமாலுக்கு ஒன்றும் விழவில்லை. அரை மணி நேரம் கழித்து, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்த ஒருவர் மட்டும் எழுதினார்: "திம்மராஜ் கையை மிஷின் ஒரு தடவை வெட்டியது. இவன் இன்னொரு தடவை வெட்டினான். போய்ச் சேரட்டும்." அதற்கு ஏழு பேர் கட்டைவிரலைக் காட்டியிருந்தார்கள்.

மறுநாள் குழுவை நடத்தும் நண்பர் போன் செய்தார். ஆண்டு மலரில் இறந்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் போடுவது வழக்கம். "ஜமாலுக்கு எழுத ஆளே சிக்கல மாதையா. நீதான் டைம் ஆபீஸ்ல அவன்கூட ஒரே ரூம்ல குப்ப கொட்டுனவன். நல்லதா நாலு வரி எழுதிக் குடு," என்றார். நாலு வரியில் முடிகிற காரியம் இல்லை இது. ஜமாலை அறிந்தவர்களும், அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களும் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓசூரில் எங்கள் கம்பெனி லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் தகட்டுப் பாகங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. நான் சாமல்பட்டியிலிருந்து வந்து டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதுபவனாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஜமால் மெயின்டனன்ஸில் எலக்ட்ரீஷியன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் குடும்பத்துக்குக் கிருஷ்ணகிரியில் புளி வியாபாரம். அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தபோது, அவர்கள் கழித்துப் போட்டதைத் தூக்கி வந்து எங்கள் அறை மூலையில் வைத்தார்கள். வைரஸ் பிடித்த பெட்டி. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அப்படியே உறைந்து நிற்கும்.

ஒரு நாள் ஜமால், ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்றையும், தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிடி டிரைவையும் துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். "இதுல லினக்ஸ்னு ஒன்னு இருக்குது, விண்டோஸுக்குப் பதிலா போடறது. வூட்ல ஆறு ஞாயித்துக்கெழம ஒக்காந்து ஏத்துனேன். ஆறு தடவையும் மொத்தத்தையும் அழிச்சுட்டேன். ஏழாவதா உங்குளுத அழிக்கலாம்னு வந்திருக்கேன்," என்றார். பர்சனல் மேனேஜருக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பெட்டி இருந்தாலும் ஒன்றுதான், செத்தாலும் ஒன்றுதான்.

அது சாகவில்லை. ஆனால் என்னைப் படாதபாடு படுத்தியது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் என்று ஒன்றும் கிடையாது. முதலில் பெயரைக் கேட்கும், அப்புறம் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன், ஜமால் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய எழுத்தில் அடித்தால் ஒரு கோப்பு, சின்ன எழுத்தில் அடித்தால் வேறு கோப்பு. பிளாப்பியைச் சொருகினால் மட்டும் போதாது, சொருகியிருக்கிறேன் என்று அதற்குச் சொல்ல வேண்டும். எடுக்கும் முன்பும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் டிஸ்க் முழுவதையும் அது சரிபார்த்து முடிக்கும் வரை இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஓசூரில் அன்று கரண்ட் எத்தனை முறை போகும் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் மாதம் பிரின்டரில் போட்டால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கி, படிக்கட்டு மாதிரி சரிந்துகொண்டே போய்க் காகிதத்தை விட்டு வெளியே விழுந்தது. ஜமால் ஒன்பது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதோடு மல்லுக்கட்டி நேராக்கினார்.

நிரந்தரம், கான்ட்ராக்ட் எல்லோருடைய வருகையையும் பதியும் ஒரு சிறிய புரோகிராமையும் அவரே எழுதினார். அதைப் பார்த்துக்கொள்ள எங்கள் அறையிலேயே அவருக்கும் ஒரு மேஜை போட்டார்கள். என் பெயரில் நுழைந்தால் இன்றைய வருகையை மட்டும் ஏற்றலாம். முடிந்துபோன நாளில் கை வைக்க வேண்டுமானால் அவருடைய பெயரில்தான் நுழைய முடியும். அப்படி யார் எதைத் திருத்தினாலும், அச்சாகும் தாளின் அடியில் திருத்தியவரின் பெயரும் நேரமும் தானாக விழும். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. "இதுக்குக் கண்ணுமில்ல, காதுமில்ல. யார் பேர்ல உள்ள வந்தியோ அவன்தான் நீ," என்பார்.

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். ஜமால் நல்ல மனிதராக இருக்கவில்லை. அவர் வாய் தேள் கொடுக்கு. நான் செய்யும் தவறுகளை அவர் என்னிடம் சொல்லமாட்டார். யார் நுழைந்தாலும் முதலில் தெரிகிற ஒரு வரவேற்பு வாசகத்தை அந்தக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்க முடியும். தினமும் காலையில் அதில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கும், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். "மாதையன் நேற்று பிளாப்பியைச் சொல்லாமல் பிடுங்கினான், அது இறந்தது." "மாதையன் தன் பெயரையே தப்பாக அடித்தான், அவனை யாரென்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை." ஜன்னலுக்கு வெளியே கார்டு அடிக்க வரிசையில் நிற்கிற அறுபது பேரும் எட்டிப் பார்த்து, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

ஒரு முறை பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் தட்டி, என் பெயருக்குரிய இடத்தில் சேமித்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் மொத்த நிர்வாகமும் கையில் இருந்ததால் ஜமாலால் எவன் கோப்பையும் திறக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை வரவேற்பு வாசகமாக என் விண்ணப்பத்தின் முதல் வரி நின்றது: "ஐ ஆம் நோயிங் கம்ப்யூட்டர் வெரி வெல்." அன்று கேன்டீனில் என் தட்டில் சாம்பார் ஊற்றியவர்கூட, "யூ ஆர் நோயிங் சாம்பார்?" என்று கேட்டார். இரண்டு மாதம் அது என் பட்டப்பெயர். அதைவிடப் பெரிய அடி வேறொன்று. பர்சனல் மேனேஜரும் ஜன்னல் வழியாக அதைப் படித்துவிட்டார். நான் வேறு வேலைக்கு முயற்சி செய்கிறேன் என்று தெரிந்ததும், அந்த மாதம் வர வேண்டிய என் நிரந்தர உத்தரவைத் தன் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

"இப்பிடிப் பண்ணிட்டீங்களே பாய்," என்று ஜமாலிடம் கேட்டேன்.

"தப்பா எழுதுனது நீ. படிச்சுக் காட்டுனது மட்டுந்தான் நான்," என்றார்.

அந்த டிராயர் பூட்டியிருந்த காலத்தில்தான் திம்மராஜின் கை போனது. திம்மராஜ் பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழும் கன்னடமும். கான்ட்ராக்டில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் தகடு கழற்றியிருந்த மிஷினில் அவருடைய வலது கையின் நடு மூன்று விரல்களும் நசுங்கிப் போயின. பார்த்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள், மறுநாளே அவர்களை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அடிக்கக் கார்டும் கிடையாது. மீதியிருந்த ஒரே சாட்சி, அன்று திம்மராஜ் வேலைக்கு வந்தார் என்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பதிவு.

வியாழக்கிழமை பர்சனல் மேனேஜர் எங்கள் அறைக்கு வந்து ஜமாலிடம் அதை 'வரவில்லை' என்று மாற்றச் சொன்னார். வேலைக்கு வராதவன் அனுமதி இல்லாமல் உள்ளே புகுந்து மிஷினில் கை வைத்தான் என்று லேபர் ஆபீஸில் காட்டத் திட்டம். ஜமால் கையில் டெஸ்டரை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "வெரலு போனது போனதுதான் சார். வந்தவன வரலன்னு எழுதுனா அது திரும்பி மொளச்சிடுமா?" என்றார். மேனேஜர் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது ஜமாலின் பெயரில் மாத அறிக்கை நீளமாக அச்சாகிக்கொண்டிருந்தது. வழக்கமாகத் தன் பெயரிலிருந்து வெளியேறாமல் நாற்காலியை விட்டு எழாதவர், அன்று மட்டும், "பிரின்ட் ஓடுது. பேப்பர் சிக்குனா எடுத்து வுடு. தொறந்தே வுட்டுட்டுப் போறேன், பாத்துக்க," என்றார். அவர் என்னை நம்பிச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவர் சைக்கிள் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர் திங்கட்கிழமை கைக்கு வரும்னு நெனைக்கிறேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை.

ஒரே ஒரு எழுத்தை மாற்ற வேண்டும். தாளின் அடியில் யார் பெயர் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாற்றினேன். பயம் பாதி, பழி பாதி. பயத்தினால் மட்டுமே செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஜன்னலுக்கு வெளியே அறுபது பேர் நாளை அவரைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று அந்த விசையை அழுத்தும்போது நினைத்தேன். நினைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, மதிய டீ நேரத்தில் திம்மராஜ் வலது கையில் கட்டோடு எங்கள் அறைக்குள் வந்தார். பின்னால் பிரஸ் ஷாப் ஆட்கள் பத்துப் பேர். இடது கையில் லேபர் ஆபீஸில் கொடுத்த அச்சுத்தாள்.

"ஜமால் பாய், கீழ இருக்கறது உங்க பேருதானே?"

ஜமால் வாங்கிப் படித்தார். "எம் பேருதான். ஆனா நான் போடல."

"பொட்டி உங்குளுது, பூட்டு உங்குளுது. வேற யாரு போடுவாங்க?"

ஜமால் தாளில் இருந்த நேரத்தை விரலால் காட்டினார். வெள்ளிக்கிழமை, ஒன்று இருபது. "அந்த நேரத்துக்கு நான் பள்ளிவாசல்ல இருந்தேன் திம்மா. போயி யார வேணா கேளு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயரவே இல்லை. "மாதையா, அன்னிக்கு ஒன்னு இருவதுக்கு நீ எங்க இருந்த?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கேன்டீன்ல," என்றேன்.

ஜமால் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். திம்மராஜ் அவர் சட்டையின் மேல் காறித் துப்பினார். ஜமால் மேஜையிலிருந்த எண்ணெய் துடைக்கும் பஞ்சை எடுத்து அதைத் துடைத்துக் கூடையில் போட்டுவிட்டு, மோட்டார் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போனார்.

அவர் மேனேஜரிடம் போய் நியாயம் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. "நீ மாத்தலன்னே வச்சுக்குவோம். தொறந்து போட்டுட்டுப் போனது யாரு? அத எழுதிக் குடு, வீட்டுக்கு அனுப்பறேன்," என்று பதில் வந்ததாம். திம்மராஜுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. எனக்கு அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே உத்தரவு கிடைத்திருந்தது. அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஜமாலும் வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஜமாலுக்கு நடந்ததை இங்கே பலர் செய்தீர்கள், பலர் பார்த்தீர்கள். சைக்கிள் சீட்டில் கிரீஸ், டயரில் ஆணி. ஒரு நாள் கேன்டீனில் அவருடைய தட்டில், நடுவில் மூன்று விரல்களை வெட்டி எறிந்த ஒரு கையுறையை வைத்து அதன் மேல் சோற்றைப் போட்டிருந்தார்கள். ஜமால் கையுறையை எடுத்து உதறி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார். நான் எதிர் பெஞ்சில் இருந்தேன். என்னாலும் சாப்பிட முடிந்தது.

என்னை அவர் காட்டிக் கொடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். முதலில், யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது, வேறு வழி ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். காலை வரவேற்பு வாசகத்தில் என்னைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டார். வெறும் திரை. நான் என்ன தப்பு செய்தாலும் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக்குக் கிளம்பும்போது, வெளியேறாமல் தன் பெயரைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, வாசலில் நின்று சொல்வார்: "தொறந்துதான் இருக்குது, மாதையா."

எட்டு மாதம். முப்பதுக்கு மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள். பெட்டியைத் தொடவும் முடியாது, அறையை விட்டுப் போகவும் முடியாது. நான் வெளியே போன நேரத்தில் வேறு யாராவது எதையாவது செய்துவிட்டால் அதுவும் என் தலையில்தானே விடியும்? முக்கால் மணி நேரம் திரையில் மினுங்கும் அந்தக் கர்சர் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை தாங்க முடியாமல், "போதும் பாய். சொல்லிடறேன், எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்," என்றேன்.

"சொல்லு. நான் தடுத்தேனா?" என்றார்.

சொல்லவில்லை. ஒன்பதாவது மாதம் ஜமால் வேலையை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டார். புளி மண்டி சிட்டை முதல் கல்யாணப் பத்திரிகை வரை லினக்ஸிலேயே போட்டுக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். வாடிக்கையாளர்களையும் அதே வாயால் விரட்டியடித்தார் என்றும் கேள்விப்பட்டேன். பத்து வருடம் கழித்து ஒரு முறை அந்தக் கடைக்குப் போனேன். தலை நரைத்திருந்தது. சர்க்கரை நோயால் புண்ணான ஒரு காலைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். "வா. என்னா ரிப்பேரு?" என்றார். ஒன்றும் ரிப்பேர் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார். பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

அடக்கத்துக்கு நம் ஆட்களில் இரண்டு பேர்தான் போனோம். நானும் திம்மராஜும். திம்மராஜ் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கிற கையால் மண் அள்ள முடியாது. இரண்டு கையையும் சேர்த்து அள்ளிக் குழியில் மூன்று முறை போட்டார். வெளியே வந்ததும் கேட்டேன், எதுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்க என்று.

"எங் குடும்பத்து வாயில மண்ணப் போட்டவன். நான் ஒரு தடவ அவனுக்கு மண்ணு போடணும்னு வந்தேன்," என்றார். பாகலூரில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் காவல் வேலையாம். கத்தரிக்கோல் பிடிக்க வராது என்பதால் பூ வெட்டும் வேலை தரவில்லையாம்.

பஸ் நிலையத்தில் வைத்து அவரிடம் சொன்னேன். அந்த எழுத்தை மாற்றியது நான், கேன்டீனில் இருந்தேன் என்று சொன்னது பொய், ஜமால் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ஓசூர் பஸ் ஒன்று வந்து ஆளேற்றிக்கொண்டு போனது. திம்மராஜ் ஏறவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"இப்ப எதுக்கு மாதண்ணா சொன்ன?" என்றார். "இத்தன வருசமா ஒருத்தன வெறுத்துக்கினு நிம்மதியா இருந்தேன். அதையும் புடுங்கிட்ட. அவரு சட்ட மேல துப்புனேனே, இப்ப அத எங்க போயி தொடைப்பேன்?"

மறுபடி அவரே கேட்டார்.

"ஒனக்கு நெஞ்சு லேசாச்சா?"

"இல்ல," என்றேன்.

"ஆகக் கூடாது," என்றார். அடுத்த பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "எழுதிப் போடு. எல்லாரும் படிக்கிற மாதிரி, உம்பேரப் போட்டு. கட்டவெரலக் காட்டுன அந்த ஏழு பேரும் படிக்கணும்." என்னோடு ஒரே இருக்கையில் உட்கார அவருக்கு மனமில்லை என்று புரிந்தது. நான் அதற்கடுத்த பஸ்ஸில் வந்தேன்.

எழுதிவிட்டேன். அச்சுத்தாளின் அடியில் விழுந்திருக்க வேண்டிய பெயர் மாதையன். ஜமாலுதீன் அல்ல. மலரில் இதைப் போட முடியாது என்று நடத்துகிறவர்கள் சொன்னால், குழுவில் நானே போடுவேன்.

ஜமாலிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்பு இல்லை, நட்பும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் வைத்திருக்கிறேன். அவர் போட்டது போலவே கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான் எனக்குக் கைவருகிறது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் என் பெயரிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழுகிறேன். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான், அவளுக்கு அந்தப் பெட்டியை இயக்கவே தெரியாது. "யாரு வந்து தொடப் போறாங்கன்னு இப்பிடிப் பூட்டிப் பூட்டி வெக்கிற?" என்று சிரிக்கிறாள். திறந்து கிடக்கும் ஒரு பெயரின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். ஜமால் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.